வாத்தியார் வேடத்தில் பேரரசு: காலனி ஆதிக்கத்துக்காக வரையப்பட்ட கார்ட்டூன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ட்டூன் என்பது சிரிக்க வைக்கும் படம். அது எப்படிப் பிரசாரமாகும்?

சிரிக்க வைப்பதால்தான் ஆகிறது. தலையங்கம் படிக்கும்போது மனம் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கும். படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. ஒரு நாட்டை அழுமூஞ்சிக் குழந்தையாக வரைந்துவிட்டால், அந்த நாடு குழந்தைதானா என்று யாரும் விவாதிக்க மாட்டார்கள். குழந்தையை யார் குளிப்பாட்டுவது, யார் பாடம் சொல்லித்தருவது என்றுதான் பேசுவார்கள். வாதத்தின் முதல் படியைப் படமே சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது. இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு தந்திரத்தைப் பற்றித்தான்.

எந்தக் காலம், எந்த நாடு?

முக்கியமாக 1898 முதல் 1902 வரையிலான அமெரிக்கா. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட படங்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஒரு விசேஷம். பேரரசை எதிர்த்துப் பிறந்த குடியரசு அது. "ஆளப்படுவோரின் சம்மதமே அரசின் அதிகாரத்துக்கு அடிப்படை" என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிவைத்த நாடு. அப்படிப்பட்ட நாடு கடல் கடந்து தீவுகளைப் பிடித்தபோது, அதைத் தன் மக்களுக்கே நியாயப்படுத்திக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையில் பெரும்பங்கைக் கார்ட்டூன்கள் செய்தன.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூபாவில் ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. 1898 பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'மெயின்' வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏப்ரலில் போர். மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஸ்பெயினின் கப்பல்களை அட்மிரல் டூயி அழித்தார். டிசம்பர் 10 அன்று பாரிசில் ஒப்பந்தம். போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸுக்கு மட்டும் 2 கோடி டாலர் ஸ்பெயினுக்குக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஹவாயும் இணைக்கப்பட்டிருந்தது.

பசி எந்த வேகத்தில் வளர்ந்தது என்பதற்கு 1898 மே 28ல் வெளிவந்த 'பாஸ்டன் குளோப்' படம் ஒன்றே போதும். அமெரிக்காவின் உருவமான அங்கிள் சாம் ஓட்டல் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். பரிமாறக் காத்திருப்பவர் குடியரசுத் தலைவர் மெக்கின்லி. சுவரில் உள்ள உணவுப் பட்டியலில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ், ஹவாய். "எதை முதலில் எடுப்பது என்றே தெரியவில்லையே!" என்கிறார் சாம். போர் தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

'பள்ளி தொடங்குகிறது' என்ற படத்தை எல்லோரும் குறிப்பிடுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

'பக்' வார இதழில் 1899 ஜனவரி 25 அன்று வந்தது. வரைந்தவர் லூயி டால்ரிம்பிள். இதழின் நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரியும் வண்ணப் படம். ஒரு வகுப்பறை. அங்கிள் சாம் வாத்தியார். முன்வரிசை பெஞ்சில் கறுத்த நிறத்தில், பயந்தும் முறைத்தும் பார்க்கிற நான்கு பிள்ளைகள். இடுப்பில் கட்டிய பட்டைகளில் பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா என்று பெயர்கள். பின்னால் 'முன்னேறிய வகுப்பு': கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, அலாஸ்கா. அவர்கள் சமர்த்தாகப் புத்தகம் படிக்கிறார்கள். வாத்தியாரின் மேசையில் இருக்கும் புத்தகம்: 'சுயாட்சியில் முதற்பாடங்கள்'.

படத்தின் அடியில் இருக்கும் வாசகத்தின் சாரம் இது: "பிள்ளைகளே, உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இந்தப் பாடங்களைப் படித்தே ஆக வேண்டும். மேல்வகுப்புப் பிள்ளைகளைப் பாருங்கள். கொஞ்ச நாளில் நீங்களும் அவர்களைப் போல் இங்கே சந்தோஷமாக இருப்பீர்கள்."

'அடியாத மாடு படியாது' என்று நம் ஊரில் சொல்லி வளர்த்த தலைமுறைக்கு இந்தத் தொனி புதிதல்ல.

இதோடு நிறுத்திக்கொண்டால் படத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். ஓரங்களைக் கவனியுங்கள். கதவருகே தனியாக ஓர் அமெரிக்கப் பழங்குடிச் சிறுவன்; கையில் அரிச்சுவடி, அதுவும் தலைகீழாக. ஏணியில் நின்று ஜன்னல் துடைக்கிறான் ஒரு கறுப்பினச் சிறுவன். அவனுக்குப் பெஞ்சில் இடமில்லை. வாசற்படிக்கு வெளியே ஒரு சீனக் குழந்தை, உள்ளே வர அனுமதியின்றி நிற்கிறது. 1882 முதல் சீனத் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை இருந்தது. ஆக, சாம் வாத்தியாரின் பள்ளியில் யாருக்கு பெஞ்ச், யாருக்கு மூலை, யாருக்குத் துடைப்புத் துணி, யாருக்கு வாசல் என்று ஒரு நாட்டின் இன அடுக்கு முழுவதும் ஒரே படத்தில் வந்துவிட்டது. விமர்சனமாக அல்ல, இயல்பான காட்சியாக.

சுவரில் மாட்டிய பலகையில் இன்னும் கூர்மையான சங்கதி. ஆளப்படுவோரின் சம்மதம் கொள்கையளவில் நல்லதுதான், நடைமுறையில் அரிது; இங்கிலாந்து தன் காலனிகளைச் சம்மதம் கேட்காமலேதான் ஆண்டது, அதனால் உலக நாகரிகம் வளர்ந்தது; அமெரிக்காவும் புதிய பகுதிகளை, அவை தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும்வரை, சம்மதத்தோடோ சம்மதமில்லாமலோ ஆள வேண்டும் என்பது அதன் பொருள். சுதந்திரப் பிரகடனத்தின் மையமான வாக்கியத்தை ஒரு பள்ளிச் சுவரில் வைத்து அழித்தாகிவிட்டது. இதைத் தலையங்கமாக எழுதியிருந்தால் கண்டனக் கடிதங்கள் குவிந்திருக்கும்.

படம் காட்டியதற்கும் நடப்புக்கும் எவ்வளவு தூரம்?

படத்தின் தேதியை மறுபடி பாருங்கள்: 1899 ஜனவரி 25. இரண்டு நாள் முன்பு, ஜனவரி 23 அன்று, மணிலாவுக்கு வடக்கே மலோலோஸ் நகரில் பிலிப்பைன்ஸ் குடியரசு தொடங்கப்பட்டது. எமிலியோ அகினால்டோ தலைவராகப் பதவியேற்றார். அதற்கும் இரண்டு நாள் முன்பு அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. 'சுயாட்சியில் முதற்பாடம்' படிக்க வேண்டிய பிள்ளை என்று நியூயார்க்கில் வண்ண அச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை அரசியல் சட்டம் எழுதி முடித்திருந்தது.

மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611ல் தொடங்கப்பட்டது. ஹார்வர்ட் 1636. வாத்தியாரின் கல்லூரியைவிட மாணவனின் கல்லூரிக்கு 25 வயது அதிகம். (அதை நிறுவியவர்கள் ஸ்பானியப் பாதிரிமார்கள், அங்கே எல்லோருக்கும் கதவு திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் எழுத்தறியாக் காட்டுப்பிள்ளை என்ற சித்திரத்துக்கு அது இடம் தரவில்லை.)

ஹவாயின் கதை இதைவிட மோசம். அரசி லிலியுவோகலானியை 1893ல் கரும்புத் தோட்ட முதலாளிகளும் கூட்டாளிகளும் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்கப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவருடைய இயோலானி அரண்மனையில் 1880களிலேயே மின்விளக்கு எரிந்தது. வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் 1891ல்தான் வந்தது. இணைப்பை எதிர்த்து 1897ல் 21,000க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் கையெழுத்திட்ட மனு வாஷிங்டன் போனது. கையெழுத்துப் போடத் தெரிந்த மக்களைத்தான் டால்ரிம்பிள் எழுத்துக் கற்க பெஞ்சில் உட்கார வைத்தார்.

கியூபாவை முதலில் வேறு மாதிரி வரைந்தார்களாமே?

ஆம். இதுதான் இந்தக் கலையின் மிகவும் வெட்கங்கெட்ட பகுதி. போருக்கு முன் கியூபா ஓர் இளம்பெண். வெளிர் நிறம், கலைந்த கூந்தல், கையில் விலங்கு. ஸ்பெயின் என்ற கொடியவனிடமிருந்து காப்பாற்றும்படி அங்கிள் சாமைப் பார்த்து இறைஞ்சுகிறாள். போர் முடிந்தது. ஸ்பெயின் போனது. தீவைக் கியூபர்களிடம் எப்போது விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வி வந்தது. உடனே அந்தப் பெண் பல படங்களில் கறுத்த, அடம்பிடிக்கும் சிறுவனாக மாறிவிட்டாள். காப்பாற்றுவதற்கு அழகி தேவைப்பட்டாள். ஆள்வதற்குப் பையன் தேவைப்பட்டான். இடையில் கியூபாவில் யாருக்கும் நிறமோ வயதோ மாறவில்லை.

அரசாங்கம் பணம் கொடுத்து வரையச் சொன்னதா?

அப்படி இல்லை. அதனால்தான் விஷயம் சிக்கலாகிறது. 'பக்' இதழை ஜோசப் கெப்ளர் என்ற ஆஸ்திரியக் குடியேறி 1876ல் முதலில் ஜெர்மன் மொழியிலும் அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் தொடங்கினார். கல்லச்சில் பல வண்ணம் பூசிய பெரிய படங்கள் அதன் கவர்ச்சி; விலை 10 சென்ட். ஊழல் அரசியல்வாதிகளைக் கிழித்துத்தான் பெயர் வாங்கியது. அங்கிருந்து பிரிந்துவந்த ஓவியர்கள் 1881ல் தொடங்கிய 'ஜட்ஜ்', பிறகு குடியரசுக் கட்சி ஆதரவாளர்களின் கைக்குப் போய் மெக்கின்லிக்கு வாத்தியம் வாசித்தது. 'பக்' அந்தக் கட்சிக்கு நெருக்கமானதல்ல. ஆனாலும் தீவுகள் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ராகத்தைப் பாடின. மேலிடத்து உத்தரவு இல்லாமலேயே இதெல்லாம் நடந்தது. வாசகர்களிடம் ஏற்கெனவே இருந்த இன இறுமாப்புக்கு வண்ணம் பூசிக் கொடுத்தால் போதுமாக இருந்தது, விற்றது.

தேர்தலும் உதவியது. 1900 செப்டம்பரில் 'பக்' வெளியிட்ட படத்தில் மெக்கின்லி தையற்காரர். பெருத்துப்போன அங்கிள் சாமுக்குப் புதுச் சட்டை தைக்க அளவெடுக்கிறார். விரிவாக்க எதிர்ப்பாளர்கள் பக்கத்தில் நின்று, உடம்பு இளைக்கும் மருந்தை நீட்டுகிறார்கள். "வேண்டாம் தம்பி, இந்த வயதில் அதையெல்லாம் பழகமாட்டேன்" என்கிற தோரணையில் சாம் மறுக்கிறார். பிறர் நிலத்தைப் பிடித்தது உடம்பு வளர்ந்ததைப் போல இயற்கையான காரியம் ஆகிவிட்டது. நவம்பரில் மெக்கின்லி மறுபடி வென்றார்.

"படங்களை நீ அனுப்பு, போரை நான் தருகிறேன்" என்று பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் தந்தி அடித்தது உண்மையா?

நம்ப ஆதாரமில்லை. ஒரு பத்திரிகையாளர் 1901ல் எழுதிய நினைவுக்குறிப்பில் மட்டும் இருக்கும் கதை. ஹெர்ஸ்ட் மறுத்தார், தந்தியும் கிடைக்கவில்லை. ஒரே முதலாளி போரை உண்டாக்கினான் என்று நம்புவது வசதியாக இருக்கிறது, அதனால் கதை சாகவில்லை.

இதை அமெரிக்கர்கள்தான் கண்டுபிடித்தார்களா?

இல்லை, லண்டனில் கற்றுக்கொண்டார்கள். 'கார்ட்டூன்' என்ற சொல்லே இந்தப் பொருளில் லண்டன் 'பஞ்ச்' இதழிலிருந்துதான் வந்தது. அதற்குமுன் சுவரோவியத்துக்காகத் தடித்த தாளில் வரையும் முன்மாதிரிக்கே அந்தப் பெயர். நாடாளுமன்றக் கட்டடத்துக்கான அப்படிப்பட்ட மாதிரிகளின் கண்காட்சி 1843ல் நடந்தபோது, பட்டினியால் வாடுவோர் ஓவியங்களை வேடிக்கை பார்ப்பதாக ஜான் லீச் வரைந்து, அதைக் 'கார்ட்டூன்' என்று 'பஞ்ச்' கிண்டலாக அழைத்தது. ஏழைக்காகப் பேசிய படத்திலிருந்து பிறந்த சொல்.

அதே 'பஞ்ச்' 1857ல் என்ன செய்தது என்பது இந்தியர்களான நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்தி எட்டியதும், ஆகஸ்ட் 22 இதழில் ஜான் டென்னியல் வரைந்தார்: ஒரு பெண்ணின் மீதும் குழந்தையின் மீதும் கால்வைத்து நிற்கும் வங்கப் புலி; அதன்மேல் பாயும் பிரிட்டிஷ் சிங்கம். செப்டம்பர் 12 அன்று 'நீதி' என்ற தலைப்பில் இன்னொரு படம்: நீதி தேவதை வாளோடு சிப்பாய்களை வெட்டிச் சாய்க்கிறாள். டில்லியிலும் அலகாபாத்திலும் பழிவாங்கல் என்ற பெயரில் நடந்த தூக்குகளுக்கும் ஊர் எரிப்புகளுக்கும் லண்டனில் இருந்த வாசகரின் மனம் ஏற்கெனவே தயாராகிவிட்டது. மிருகத்தைக் கொல்வதற்கு விசாரணை வேண்டாம் அல்லவா? கண்மூடித்தனமான தண்டனை கூடாது என்ற தலைமை ஆளுநர் கானிங்கையும் அந்த இதழ் கேலி செய்தது. குழந்தைகளுக்கான 'ஆலிஸ்' கதைகளுக்குப் படம் வரைந்த அதே டென்னியல்தான் இவர்.

மிருகம், குழந்தை: இந்த இரண்டில் எது வரையப்படும் என்பது நிலவரத்தைப் பொறுத்தது. எதிர்த்தால் புலி, அடங்கினால் பிள்ளை.

'வெள்ளையனின் சுமை' என்பது கவிதையா, படமா?

இரண்டும். பிலிப்பைன்ஸைப் பிடிக்கும்படி அமெரிக்காவுக்குச் சொல்லி ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் எழுதிய கவிதை 1899 பிப்ரவரியில் வெளிவந்தது. ஏப்ரல் 1 அன்று 'ஜட்ஜ்' இதழில் விக்டர் கில்லம் அதைப் படமாக்கினார். மூடநம்பிக்கை, அறியாமை, கொடுமை என்றெல்லாம் பெயர் பொறித்த பாறைகள் மீது, பிரிட்டனின் உருவமான ஜான் புல் முன்னாலும் அங்கிள் சாம் பின்னாலும் முதுகில் கூடை சுமந்து ஏறுகிறார்கள். உச்சியில் நாகரிகம் ஒளிவீசுகிறது. சாமின் கூடையில் கியூபா, பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, ஹவாய். ஜான் புல்லின் கூடையில் சீனா, எகிப்து, இவர்களோடு இந்தியா. ஆம், நாமும் அந்தக் கூடையில் உட்கார்ந்திருக்கிறோம். வரி கட்டியது நாம், சுமந்தது அவராம்.

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் நினைவுக்கு வந்தால் தவறில்லை.

சோப்பு வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. அதே 1899ல் பியர்ஸ் சோப்பு விளம்பரத்தில், அட்மிரல் டூயி போன்ற ஒருவர் வெள்ளை உடையில் கைகழுவுகிறார். வெள்ளையனின் சுமையைக் குறைக்க முதற்படி சுத்தம் கற்பிப்பதாம். ஜூன் 10 அன்று 'ஜட்ஜ்' இதழில் மெக்கின்லி ஒரு பிலிப்பினோக் குழந்தையை ஆற்றில் முக்கித் தேய்க்கிறார், கையில் 'கல்வி' என்ற தூரிகை. அந்த ஜூனில் பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பினோக்களுக்கும் இடையே போர் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் போரில் 4,200க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், சுமார் 20,000 பிலிப்பினோப் போராளிகளும், வன்முறை, பஞ்சம், காலரா எல்லாம் சேர்ந்து குறைந்தது 2 லட்சம் பொதுமக்களும் இறந்தனர். குளிப்பாட்டு என்று வரையப்பட்டது இதைத்தான்.

எதிர்த்து வரைந்தவர்கள் இல்லையா?

இருந்தார்கள், சிலர் அபாரமாக. 'லைஃப்' என்ற அந்தக் கால நகைச்சுவை இதழில் 1899 மார்ச் 16 அன்று வில்லியம் வாக்கர் வரைந்த அட்டைப்படத்தில், அங்கிள் சாம், ஜான் புல், ஜெர்மன் கைசர் போன்றோர் கறுத்த மக்களின் முதுகில் உப்புமூட்டை ஏறிப் போகிறார்கள். தலைப்பு அதே 'வெள்ளையனின் சுமை', நடுவில் ஒரு கேள்விக்குறி மட்டும் கூடுதல். கில்லமின் கூடைப் படம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அதற்குப் பதில் வந்துவிட்டது!

1902 மே 5 அன்று 'நியூயார்க் ஜர்னல்' வெளியிட்ட படத்துக்குச் சிரிப்பே தேவைப்படவில்லை. பிலிப்பைன்ஸின் சமார் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் ஏந்தக்கூடிய எல்லோரையும் கொல்லும்படி ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் சொன்னது ராணுவ விசாரணையில் வெளிப்பட்டிருந்தது. படத்தில் கண்கட்டிய சிறுவர்கள் வரிசை, எதிரே துப்பாக்கிப் படை. "நாம் பிலிப்பைன்ஸைப் பிடிப்பதற்குப் பத்து ஆண்டு முன்பு பிறந்ததால் குற்றவாளிகள்" என்பது வாசகம். நான்கு ஆண்டுகளாகப் 'பிள்ளைகள், பிள்ளைகள்' என்று வரைந்த நாட்டிடம், இதோ நிஜமான பிள்ளைகள் என்று காட்டியது அது. போருக்குக் கொம்பு ஊதிய ஹெர்ஸ்டின் பத்திரிகைதான் இது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்மித்துக்குக் கிடைத்த தண்டனை: கண்டிப்பும் கட்டாய ஓய்வும்.

எதிர்ப்பாளர்கள் எல்லோரும் பிலிப்பினோக்களின் நண்பர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 'இந்த இனங்களை நம் நாட்டுக்குள் சேர்க்காதீர்கள்' என்பதே பலருடைய எதிர்ப்பின் அடிப்படை. அதனால் எதிர்ப்புப் படங்களிலும் அதே தடித்த உதடும் அதே இலைப்பாவாடையும் வந்தன.

இந்தியர்களும் தமிழர்களும் இந்த ஆயுதத்தை எடுத்தார்களா?

எடுத்தார்கள். லக்னோவில் 1877ல் தொடங்கிய உருது 'அவத் பஞ்ச்', லண்டன் இதழின் பெயரையே எடுத்துக்கொண்டு ஆட்சியைக் கிண்டல் செய்தது. தமிழில் இதற்கு முன்னோடி, 1906ல் சென்னையில் தொடங்கி பாரதியார் பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ். கருத்துப்படத்தைத் தமிழ்ப் பத்திரிகையின் நிரந்தர அங்கமாக்கியது அதுதான். 1908ல் அடக்குமுறை நெருக்கியபோது இதழ் புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து வெளிவந்தது.

இப்படிப்பட்ட படங்களை இன்று மாணவர்களுக்குக் காட்டலாமா?

காட்டலாம், முழுசாகக் காட்டினால். 'பக்' இதழின் பல படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையச் சேகரிப்பில் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. பதிப்புரிமைத் தடை இல்லை. மையத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவதுதான் தவறு. 'பள்ளி தொடங்குகிறது' படத்தில் ஜன்னல் துடைப்பவனை வெட்டிவிட்டால் அது வெறும் வாத்தியார் நகைச்சுவை.

அந்த முன்பெஞ்சுப் பிள்ளைகள் நால்வரும் பிறகு என்ன ஆனார்கள்?

கியூபா 1902ல் சுதந்திரம் பெற்றது. தேவைப்பட்டால் அமெரிக்கா தலையிடலாம் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை 1934ல் நீங்கியது, குவாந்தனாமோவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளம் நீங்கவில்லை. ஹவாய் 1959ல் மாநிலமானது. அரசியைக் கவிழ்த்ததில் தன் நாட்டுக்கு இருந்த பங்குக்காக 1993ல் அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் போட்டது. போர்ட்டோ ரிக்கோ இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறது: அங்கு வசிப்போர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கில்லை.

பிலிப்பைன்ஸுக்குச் சாம் வாத்தியார் 1946ல் சான்றிதழ் கொடுத்தார், அதுவும் தன் பிறந்தநாளான ஜூலை 4 அன்று. 1962ல் அந்த நாடு தன் சுதந்திர தினத்தை ஜூன் 12க்கு மாற்றிக்கொண்டது. 1898ல், டால்ரிம்பிள் படம் வரைவதற்கு ஏழு மாதம் முன்பு, அகினால்டோ சுதந்திரத்தை அறிவித்த நாள் அது. அவ்வாண்டு விழாவுக்கு அகினால்டோவும் வந்திருந்தார். வயது 93.